வேன் ஓட்டும் அண்ணனைப் பற்றி ஒரு செய்தி

தலைவலிக்கு நெற்றியில் ஜாதிக்காய்த் தைலம் தடவினேன். அந்த வாசனையோடு நீயும் வந்து உட்கார்ந்துவிட்டாய். எப்போதும் உன் கைப்பையில் கிடந்த தைலம் அல்லவா. நல்ல நேரத்தில்தான் வந்தாய், போ!

நீ கண்ணை மூடியபின், நீ நடத்திவந்த நம் கெலுகோர் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழு என் தலையில் விழுந்தது. இன்று காலை பசியாறக்கூட இல்லை, அதற்குள் ஐந்து பெண்கள் எனக்குத் தனித்தனியே எழுதிவிட்டார்கள். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன், நேற்று பசார்ச் சந்தைப் பக்கம் அழுதுகொண்டிருந்த ஒரு பிள்ளையை வேனுக்குள் இழுத்துப் போட்டாராம். "குழுவில போடுங்க அக்கா, எல்லாருக்கும் தெரியணும் லா." என் சின்னவள் அப்போதுதான் அந்த வேனில் ஏறிப் போயிருந்தாள்.

முன்பொருமுறை மூலைக்கடை மீன்கறியைத் தின்று ஒரு குடும்பமே படுத்துவிட்டது என்று பேச்சு வந்தபோது, சொன்னவர்களையெல்லாம் லிஃப்ட் அருகே நிறுத்தி, "நீ பார்த்தியா, கேட்டியா? யார்கிட்ட?" என்று துருவினாயே! ஒருத்தி அடுத்தவளைக் காட்ட, கடைசி ஆள் முதல் ஆளையே காட்டினாள். "இத்தனை வாய் இருக்கு, ஒரு கண்ணுகூட இல்லையே!" என்று சிரித்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவளுக்கு யாரையுமே நம்பத் தெரியாதா என்று நினைத்தேன்.

இன்று நானும் அப்படியே கேட்டேன். நான்கு பேர் ஐந்தாமவளைக் காட்டினார்கள். அவளோ, "என் கண்ணால பார்த்தேன் அக்கா, சத்தியமா" என்கிறாள். ஐயோ, இதற்கு நீ ஒன்றும் சொல்லிவைக்கவில்லையே! போட்டால் அந்த மனிதரின் பிழைப்பு போச்சு. போடாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்?

"அவரையே கேட்டியா?" என்றேன் அவளிடம்.

"அவரையா? அவர்கிட்ட போய் எப்படிக்கா கேக்கிறது?"

குழுவில் எதுவும் போடவில்லை. மாலையில் வேன் வருமுன்பே அடுக்குமாடியின் வாசல் கேட் அருகே போய் நின்றேன். சின்னவள் குதித்து இறங்கியதும்தான் மூச்சு வந்தது. அண்ணனிடம் கேட்டேவிட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"என் பேரன் லா, தங்கச்சி. ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு ஒரே அழுகை."

நம்பினேன். மேலே வந்ததும் மறுபடி பயம்: நம்பியது அவர் முகத்தையா, என் ஆசையையா? நேரில் கேட்டதை அந்த ஐவருக்கும் எழுதிவிட்டேன். நாளை என் பிள்ளையை அதே வேனில் ஏற்றுவேன், உதறலோடுதான்.

நீ இருந்தால் உன்னைக் கேட்டிருப்பேன். நீ சொன்னதும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஊரையெல்லாம் "உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்டாய். உன்னை மட்டும் நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.