பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

மாமா,

அரக்கு வாசனை இன்னும் கடையை விட்டுப் போகவில்லை. கடலூர் கோர்ட்டிலிருந்து நம் கம்ப்யூட்டரை இன்றுதான் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்குச் சொத்து என்று எழுதி, கோணித்துணியில் கட்டி, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு உருக்கி முத்திரை வைத்திருந்தார்கள். மேசைமேல் போட்டுக் கத்தரிக்கோலால் குத்திக் குத்திக் கிழித்தேன். பக்கத்துக் கடை அண்ணன், "மெதுவா பிரிம்மா, கைய வெட்டிக்கப் போற" என்றார். எனக்கு எப்போது பொறுமை இருந்தது? உங்களுக்குத் தெரியாததா?

மூடியைக் கழற்றினேன். ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே உங்கள் ரத்தம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. பிரஷ்ஷால் தேய்த்தேன், போகவில்லை. அப்படியே விட்டுவிட்டு பவர் கொடுத்தேன். கறுப்புத் திரையில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் வரிகள் ஓடின. நடுவில் அதே பழைய எச்சரிக்கை வந்தது: கடிகாரம் நிலையாக இல்லை.

இந்த ஒரு வரிக்காக நாம் போட்ட சண்டைக்கு அளவே கிடையாது. கல்யாணமான புதிதில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தக் கடையைத் திறந்தபோது, கேமரா மாட்டுவது உங்கள் வேலை, கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். நம் கடைக் கேமராக்களின் பதிவு இந்தப் பழைய பெட்டியில்தான் சேரும். இதன் பட்டன் பேட்டரி செத்துப்போயிருந்ததால், தினமும் காலையில் ஏதோ பழைய தேதியோடு கண்விழிக்கும். நீங்கள் சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து நேரத்தைக் கையால் தட்டுவீர்கள். அந்தச் சுவர்க்கடிகாரமோ பத்து நிமிடம் முந்தி ஓடும். குமராட்சிக்குப் போகும் கடைசி மினி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று நீங்களே முள்ளைத் திருகி வைத்தது. ஊரில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கும் அதே நேரத்தை வைத்த மகராசன் நீங்கள் ஒருவர்தான்.

இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரம் எடுக்கும்படி நான் மாற்றி வைப்பேன். மறுநாளே நீங்கள் அதை நிறுத்தி வைப்பீர்கள்.

"உன் இன்டர்நெட் டைமுக்கு மினி பஸ்காரன் நிப்பானா புள்ள?"

"அப்ப அந்த வார்னிங்க என்னா பண்றது?"

"அது கெடக்குது. நீயுந்தான் காலையில எழுந்ததுமே கத்துற. உன்ன கழட்டியா வெச்சிட்டேன்?"

மவுஸைத் தூக்கி உங்கள்மேல் எறிந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

பிறகு அந்த லாரி வந்தது. நம் கடை வாசலில், ஸ்கூட்டியில் போன காலேஜ் பெண்ணை அடித்துவிட்டு நிற்காமல் போனது. நம் கேமராவில் வண்டி எண் தெளிவாக விழுந்திருந்தது. லாரி முதலாளியின் தம்பி வந்து கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "அத அழிச்சிடு மச்சான்" என்றான். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"எவன்டா உனக்கு மச்சான்? அந்தப் பொண்ணுக்குக் காலே போயிடுச்சு. வெளிய போடா!"

பதிவை அன்றே போலீஸில் கொடுத்தீர்கள். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

அந்த வாரமே வந்தார்கள். நான் குமராட்சி வீட்டில் இருந்தேன். "கடைய சாத்தப்போறேன், கொழம்ப சுட வை" என்று போனில் சொன்னீர்கள். அடுப்பைப் பற்றவைத்தேன்.

மற்றதைப் பதிவில்தான் பார்த்தேன். மூன்று பேர், முகத்தில் துண்டு. வாசல் கேமராவை அடித்து நொறுக்கினார்கள். உள்ளே அலமாரிக்கு மேல் இருந்ததைக் கவனிக்கவில்லை. முதல் வெட்டு தோளில் விழுந்தது. நீங்கள் ஏணியைத் தூக்கி ஒருவன் மண்டையில் இறக்கினீர்கள். அடுத்த வெட்டில் வலது கை தொங்கியது. இடது கையால் தம்பிக்காரனின் துண்டைப் பிடித்து இழுத்தீர்கள். அவன் முகம் முழுசாகத் தெரிந்தது. அதன்பிறகு அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். கவுண்டருக்குக் கீழே, இந்தப் பெட்டியின்மேல்தான் சரிந்தீர்கள்.

கடலூரில் விசாரணை நடந்தபோது, அந்த முகம் வேறு யாருடையதோ என்றார் அவன் வக்கீல். பதிவில் வெட்டு விழும் அதே நிமிடத்தில் அவன் புவனகிரி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றானாம். பங்க் கேமராவில் இருக்கிறதாம். நான் கூண்டில் ஏறி, எங்கள் கடை நேரம் பத்து நிமிடம் முந்தியது என்றேன். உடனே வக்கீல் வேறு பக்கம் தாவினார். கம்ப்யூட்டரில் இருந்த அந்த எச்சரிக்கையை உரக்கப் படித்தார்.

"கடிகாரம் நிலையாக இல்லை என்று இயந்திரமே சொல்கிறது. பத்து நிமிடம் முந்தியதா, ஒரு மணி நேரம் பிந்தியதா, யார் கண்டது? இந்தப் பதிவையே ஒதுக்கித் தள்ள வேண்டும்."

அவர் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. கோர்ட் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். நீதிபதி அம்மா, "சத்தம் போடாதீங்க. தெரிஞ்சத சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கம்ப்யூட்டரில் நேரத்தை எண்ணும் பாகம் பிராசஸருக்குள் ஒன்று, போர்டில் தனியாக இன்னொன்று இருக்கிறது. லினக்ஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பிராசஸரின் எண்ணிக்கை தடுமாறினால், அது நிலையாக இல்லை என்று எழுதி வைத்துவிட்டு, போர்டில் இருப்பதற்கு மாறிக்கொள்ளும். கெட்டதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டேன் என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். வக்கீல் சிரித்துக்கொண்டே, "இது உங்கள் வார்த்தை. ஆதாரம் எங்கே?" என்றார்.

அந்தச் சிரிப்புக்காகவே, அரசு வக்கீலிடம் நகல் வாங்கி, அன்றைய பதிவைக் காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் போனைக் காதில் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, போன் கம்பெனி கொடுத்த நேரத்தோடு ஒப்பிட்டேன். காலையில் கேபிள்காரரோடு பேசியது, மதியம் உங்கள் அம்மாவோடு பேசியது, கடைசியில் என்னோடு பேசியது. எல்லாவற்றிலும் அதே பத்து நிமிட வித்தியாசம். நாள் முழுக்கக் கடிகாரம் துளியும் தடுமாறவில்லை. கடைசி போனைச் சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும், அடுத்து வருவதையும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்தது.

அவன் பங்க்கில் நின்றது உண்மைதான் மாமா. உங்களை வெட்டிவிட்டு ஓடிய பத்தாவது நிமிடத்தில் நின்றிருக்கிறான். அரசு வக்கீல் இதை எடுத்துச் சொன்னபோது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு அவிழ்ந்தபோது இருந்த அதே முகம். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். என் வயிற்றெரிச்சலுக்கு அது போதவில்லை. இன்றும் போதவில்லை.

மத்தியானம் புது பட்டன் பேட்டரி போட்டேன். போர்டில் இருக்கும் எண்ணிக்கையை மட்டுமே எடுத்துக்கொள் என்று, லினக்ஸ் தொடங்கும் வரியிலேயே எழுதினேன். இன்டர்நெட் நேரத்தைத் திறந்துவிட்டேன். மறுபடி பவர் கொடுத்தபோது அந்த எச்சரிக்கை வரவில்லை. நாளைக் காலையில் இதை நிறுத்தி வைக்க ஆளில்லை என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுவர்க்கடிகாரத்தை மட்டும் நான் தொடவே இல்லை. நீங்கள் வெட்டுப்பட்ட சரியான நேரம் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. தினமும் சாயங்காலம் சுவர்க்கடிகாரம் அந்த நேரத்தைக் காட்டும்போது, உண்மையில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருக்கும். அவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். நீங்கள் கவுண்டரில் போனோடு உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் விளக்கை அணைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டி, உங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.