கண்ணோரத்து அக்கி

செவ்வாய்க்கிழமை, இரவு.

நெற்றியிலிருந்து வலது இமை வரை அக்கிக் கொப்புளம். தணலை வைத்து அழுத்துகிற மாதிரி எரிகிறது. என் வீட்டுக்காரருக்குக் காரியம் முடிந்த மறுநாள் தொடங்கியது.

மாமியார் ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. எங்கள் லம்பா லைன் குடியிருப்பு முழுக்க விசாரித்தும் அக்கி எழுதக் குயவர் கிடைக்கவில்லை. காவியைக் குழைத்து மாமியாரே என் நெற்றியில் சிங்கம் வரைந்தார். பார்க்க நாய் மாதிரி இருந்தது.

இன்று கண்ணைத் திறக்கவே முடியவில்லை. சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா காவியைத் துடைத்துக்கொண்டே திட்டினார்.

"இத்னா தேர் க்யோன் கியா? ஏன் இவ்வளவு லேட்டா வந்தே? சின்ன வயசுல வந்த அம்மை நரம்புல பதுங்கிக் கிடந்து, உடம்பு சோர்ந்ததும் கிளம்பியிருக்கு. முதல்லயே வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும். இனி கண்ணு தப்புமான்னு என்னால சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அதைச் சொன்னேன்.

"என் புள்ளையே போயிட்டான். இனி கண்ணு இருந்து யாரைடி பார்க்கப் போற?"

"உங்களைத்தான் அத்தை. உங்களுக்கு அக்கி வர்றதைப் பார்க்கணும்" என்றேன்.

மாமியார் அழுதார். ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினேன்.