எக்ஸ்பிரஸ் நிற்காத விலக்கு

17.6.96, திங்கள்

இன்றும் கேட் மூடியிருந்தது. தப்பித்தேன்.

வண்ணார்பேட்டை மருந்துக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து மூன்று வாரம். பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அப்பா அனுப்புகிறார். சாதாரண பஸ் ஊர் சேர இருட்டிவிடும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் கண்டக்டரோ, "வள்ளியூருன்னா ஏறு. நடுவுல எங்கயும் நிக்காது" என்கிறார். நாங்குநேரி தாண்டி, வள்ளியூருக்கு முன்னால், எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு. வாய் பேசாமல் வள்ளியூருக்கு டிக்கெட் எடுக்கிறேன். விலக்கை ஒட்டி ரயில்வே கேட். சாயங்கால ரயிலுக்காக மூடியிருந்தால் பஸ் நின்றே ஆகவேண்டும், இறங்கிவிடுவேன். "சனியன், மூடிட்டானா" என்று பஸ் மொத்தமும் சலித்துக்கொள்ளும். எனக்கு மட்டும் உயிர் வரும்.

19.6.96

மூடியிருந்தது. ஆனாலும் நாங்குநேரிக்கும் முன்னால், மூன்றடைப்பிலேயே கேட் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி?

20.6.96

திறந்திருந்தது.

'விலக்குல கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி' — இவ்வளவுதான். நாங்குநேரியிலிருந்தே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வரவில்லையே! விலக்கில் சைக்கிளைப் பிடித்தபடி அப்பா நின்றார். ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அதற்குள் பஸ் தாண்டிவிட்டது. வள்ளியூர் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது.

சாப்பிடும்போது அப்பா, "இன்னொரு நாளு இப்படி ஆச்சுன்னா வேலைய விட்டுரு. ஊருல பேசுதாவ" என்றார். அம்மா, "ஏட்டி, பி.காம் படிச்ச வாய எங்கட்டி வச்சிட்டு வந்த?" என்றாள்.

எங்க வச்சேன்? எனக்கே தெரியலையே. வேலைய விட்டுட்டு இங்கன உக்காந்து என்ன செய்ய?

27.6.96

ஏறப்போகாத ரயில் நேரத்துக்கு வரவேண்டும் என்று சாமி கும்பிடுகிறவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

1.7.96

கேட் திறந்திருந்தது. எழுந்து நின்றேன். தலைக்கு மேல் மணிக்கயிறு — இழுத்துவிட்டேன்! ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். டிரைவர் பழக்கத்தில் பிரேக் போட்டுவிட்டார்.

"எவம்லே கயித்த இழுத்தது?" கண்டக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நாந்தான்."

"உங்க அப்பன் வீட்டு வண்டியா? வள்ளியூருக்குத்தான டிக்கெட் எடுத்த?"

"ஆமா. மிச்ச தூரத்த நீங்களே வச்சுக்கோங்க."

யார் பேசியது? நானா? பஸ்ஸே சிரித்தது. மீன்கூடைக்காரம்மா ஒருத்தி, "பிள்ள எறங்கட்டும்வே. நீரு மல்லுக்கு நின்னா நாங்க எப்ப ஊரு போய்ச் சேர?" என்றாள்.

கீழே அப்பா. "கேட்டு தொறந்துல்லா கெடக்கு?" என்றார். ஆமாம்ப்பா என்றேன்.

19.7.96

விலக்கு வந்தால் அந்தக் கண்டக்டர் இப்போது என்னை முறைத்துக்கொண்டே ஒரு மணி அடிக்கிறார்.

பக்கத்துத் தெரு பொன்செல்வி டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் பஸ் படியருகே நின்று தயங்கினாள்.

"எக்கா, இது நம்ம விலக்குல நிக்குமா?"

"நிக்கும், ஏறு."

ஏறிய பிறகுதான் பார்த்தேன் — புதுக் கண்டக்டர். கயிறு எட்டுகிற சீட்டாகப் பார்த்து அவளை உட்காரவைத்தேன்.