பேத்தை மீன் தொட்டியில் நல்ல தண்ணீர்

பூவிழிம்மா,

உன் பேத்தை மீன், தொட்டியின் அடியில் வெளுத்துக் கிடக்கிறது. உயிர் இருக்கிறது. தப்பு என்னுடையது. நீ அளந்து கலந்த உப்புத் தண்ணீரில் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. தாகம் என்று நினைத்து நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டேன். உப்பேறி நாற்று கருகியதைப் பார்த்தவன் அல்லவா நான்.

கழிமுகத் தண்ணீர் எடுக்க அதிராம்பட்டினம் போகிறேன். பயந்துபோய்க் கல்லுப்பை அள்ளிப் போட்டுவிடாதே, உப்பு சட்டென்று ஏறினாலும் செத்துவிடுமாம். வண்ணமீன் கடைக்காரர் நான்கு மணிக்குப் பார்க்க வருவார். சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாமி விளக்கு ஏற்றியிருக்கிறேன்.

அப்பா

கடைக்காரரிடம் ஒரு செம்புதான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாளாகத் தினம் ஒரு குடம் ஊற்றினேன். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, நீ அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு.