குடை விரிந்த இடம் வரை

கீழே ரப்பர் ஷீட் கடையில் காலையிலேயே கட்டுகளை இறக்கினார்கள். புகையும் புளிப்பும் கலந்த அந்த வாடை மாடியேறி வந்தது. "வாடை வந்தாச்சு, பிள்ளைகளும் வந்திரும்" என்பாய். இன்று ஷீபா மட்டும் வந்திருந்தாள், லேப்டாப் முன்னால்.

நம் ஆங்கில வகுப்பில் நீ சேர்த்த கடைசி மாணவி. நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் நேர்முகத்தில் இரண்டு முறை தோற்றவள். இன்று மூன்றாவது முறை; இதற்குமேல் வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் நாள் அவள் ஆங்கிலத்தை ஒப்பித்தாள். "ஏட்டி, பேப்பரை முழுங்கிட்டு வந்தியா?" என்றாய். அவளே சிரித்துவிட்டாள். பிறகு உன் வழக்கம்: முதலில் வாய் திறக்கக் கூடாது, கதையைக் கையால் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவருக்குப் புரிந்த பிறகுதான் ஆங்கிலம்.

நீ சொல்லிக் காட்டும் கதை எப்போதும் ஒன்றே. வகுப்புக்கு இந்த அறையைப் பார்க்க அருமனையிலிருந்து நாம் இருவரும் வந்த மழை நாள். பஸ்ஸுக்குள் என் குடை தானாக விரிந்து, மூட மறுத்தது. கண்டக்டர் வரை ஆளாளுக்கு இழுத்தார்கள்.

நான் கடைசியாகப் பார்த்தபோது, ஐ.சி.யு.வில் உன் வாயில் குழாய். நான் குனிந்தேன். உன் இரண்டு விரல்கள் போர்வைமேல் நடந்தன. நாம். மூடிய கை குலுங்கியது. பஸ். ஐந்து விரல்களும் விரிந்தன. குடை.

"போதும், வெளிய நில்லுங்க" என்றார்கள். கதவு சாத்தும்போதும் உன் கை விரிந்தே இருந்தது.

அடுத்த நாள் நீ இல்லை.

இன்று, லேப்டாப் திரையில் நேர்முகம் எடுத்த பெண்மணி, வார்டில் மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். ஷீபா தொடங்கினாள். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோனாள். யாராவது எடுத்துக்கொடுத்தால் நேர்முகம் ரத்து. கேமராவுக்கு வெளியே, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கீழே ஒரு கட்டு தொப்பென்று விழுந்தது.

மேசைக்கு அடியில் அவள் கை அசைந்தது. யாருடைய தலையையோ தாங்கித் தூக்கியது. தண்ணீர் புகட்டியது. பிறகுதான் ஆங்கிலம் வந்தது. உடைந்து உடைந்து, ஆனால் அவளுடையதாக. திரையில் இருந்தவர் முன்னால் சாய்ந்து, "அப்புறம்?" என்று கேட்டார்.

முடிந்ததும் ஷீபா என் பக்கம் திரும்பினாள்.

"கிடைக்குமாக்கா?"

"தெரியாது மக்கா. ஆனா அவங்க அப்புறம்னு கேட்டாங்கல்லா."

மாலையில் புதிய பிள்ளைகள். உன் கதையைக் கையால் சொன்னேன். ஐந்து விரல்களும் விரியும் இடம் வரை. அதற்குமேல் என் கை மூட மறுக்கிறது. விரித்தபடியே காத்திருக்கிறேன், அவர்களில் ஒருவர் "அப்புறம்?" என்று கேட்கும்வரை.