மேகவத்தையில் தேர்தல் நடந்தது

என்ர வாய்க்கார அண்ணா,

நீ போன பிறகு உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. கோபத்தோடுதான் தொடங்குகிறேன். மேகவத்தையில் தேர்தல் நடந்தது, நான் தோற்றுப் போனேன்.

மேகவத்தையை நீ மறந்திருக்க மாட்டாய். வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்து நாங்கள் இரண்டு பேரும் உண்டாக்கின நாடு. கொப்பித் தாளை மடித்து அதற்கொரு பேப்பரும் நடத்தினோம். நீயே ஆசிரியர், நீயே பிரதமர். எனக்குத் தந்தது காலநிலைச் செய்தி மட்டும். அந்த அநியாயத்தை நான் இன்னும் விடவில்லை.

பிறகு அந்த நாட்டை உன் மகள் ஆதிரைக்குக் கொடுத்தாய். அவளும் சனிக்கிழமைகளில் பேப்பர் போட்டாள். அப்போதும் நீதான் பிரதமர்.

உன் செத்தவீடு முடிந்த பிறகு வீட்டில் ஒருவரும் உன் பெயரை எடுக்கவில்லை. பிள்ளை உடைந்துவிடும் என்று அண்ணி வாயை மூடினா. அம்மா உடைந்துவிடுவா என்று பிள்ளை மூடினாள். நான் போனால் மழையும் பஸ்ஸும் பற்றித்தான் கதை. எத்தனை நாளைக்கு அப்படி இருக்கலாம், சொல்லு?

பேப்பர் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் முதற்பக்கத்தில் ஒரே செய்தி: பிரதமர் வெளிநாட்டுப் பயணம். அண்ணி அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டா. "பிள்ளை இன்னும் அவர் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கு மச்சாள். இந்த விளையாட்டை நிற்பாட்டச் சொல்லுங்கோ."

நிற்பாட்டத்தான் போனேன். பெல்கனியில் ஆதிரை குப்புறப் படுத்துக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். வேறு எப்படிக் கேட்பதென்று தெரியாமல், "பிரதமர் எப்ப திரும்பி வாறாராம்?" என்றேன்.

"வரமாட்டார் மாமி. எனக்குத் தெரியும். அம்மாவும் இந்தப் பேப்பர் வாசிக்கிறவ. அதுதான் அப்படிப் போட்டனான்."

"உண்மையைப் போடு. அம்மாவை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றேன்.

அந்தக் கிழமை கொட்டை எழுத்தில் போட்டாள்: "எங்கள் பிரதமர் இறந்துவிட்டார். பகிடி விட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பார். நன்றாக நீந்துவார்." கீழே சின்னதாக, "தேர்தல் வரும்." அண்ணி வாசித்தா. தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து ஃபிளாட் ரிஸ்வானா அன்ரியும் கூட இருந்து அழுதா. பிறகு பேப்பரை முழுக்க வாசித்துவிட்டு, தனக்கும் வோட் இருக்கா என்று கேட்டா.

அண்ணியும் நானும் போட்டி. எல்லாருக்கும் கொத்துரொட்டி என்று நான் வாக்குறுதி கொடுத்தேன். திங்கட்கிழமைகளை ஒழிப்பேன் என்று அண்ணி சொன்னா. என் கொத்துரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு ரிஸ்வானா அன்ரி அண்ணிக்கே போட்டுவிட்டா. என்ன செய்ய, அரசியல்.

புதுப் பிரதமரின் முதற்சட்டம் நேற்றைய பேப்பரில் வந்திருக்கிறது: "இனி இரவுச் சாப்பாட்டில் அப்பாவைப் பற்றிக் கதைக்க வேணும். அழுகை வந்தால் அழலாம். சாப்பாடு ஆறக்கூடாது."

நேற்றே தொடங்கியாச்சு. வெள்ளவத்தையில் இறங்கவேண்டிய நீ ரயிலில் நித்திரை கொண்டு பாணந்துறை வரை போன கதையைச் சொன்னேன். ஆதிரை புரைக்கேறும் வரைக்கும் சிரித்தாள். அண்ணியும் சிரித்தா. "அப்பாட கதை இன்னும் இருக்கா மாமி?" என்றாள் பிள்ளை.

இருக்கிறது அண்ணா. எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லுவேன், ஒன்றையும் ஒளிக்க மாட்டேன். உன் மானம் போகிற கதைகள்தான் முதலில்.

இப்போதைக்கு எதிர்க்கட்சியில் இருக்கும்
உன் தங்கச்சி,
சுபா