பலவீனக் கட்டத்தில் ஒரு பெயர்

2 ஏப்ரல் 2012, திங்கள்

காலையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. மதியம் இன்னொரு மூன்று மணி நேரம். கையில் எம்.பி.ஏ. பிள்ளைகளின் ப்ராஜெக்ட் இருபத்தேழு இருக்கிறது, ஒவ்வொன்றும் ஐந்து பிரதி. டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, கெட்டி அட்டை பைண்டிங் போட்டுத் தரவேண்டும். பதினாறாம் தேதி அவர்கள் துறையில் ஒப்படைக்கும் நாள். எதிர்ச் சாரியில் புதிதாக வந்த ஜெராக்ஸ்காரன் ஜெனரேட்டரே வைத்திருக்கிறான். இந்த சீசனில் நான் சொதப்பினால் அடுத்த வருஷம் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிவிடுவார்கள். அப்புறம் என் கடைக்கு யார் வருவார்கள்?

ராஜ்கமல் என்ற பையனின் ப்ராஜெக்டை முடித்தேன். பண்ருட்டி முந்திரிக் கம்பெனி ஒன்றைப் பற்றியது. அதில் ஸ்வாட் என்று ஓர் அத்தியாயம். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று நான்கு கட்டம் போட்டுத் தொழிலை எடைபோடுவது. எட்டு வருஷமாக இதை யார் யாருக்கோ அடித்துக் கொடுக்கிறேன்.

“உங்க கடைக்கு ஒண்ணு போட்டுப் பாத்தீங்களாக்கா?” என்று கேட்டான். சிரித்து வைத்தேன். ஆனால் சுருக்கென்றது.

3 ஏப்ரல், செவ்வாய்

போட்டேன். எனக்கே எனக்கு என்பதால் தமிழில். பலம்: என் டைப்பிங் வேகம், தப்பில்லாத வேலை, எட்டு வருஷப் பெயர். வாய்ப்பு: தொலைதூரக் கல்வி மாணவர்கள். ஆபத்து: கரண்ட், எதிர்க்கடை. மூன்று கட்டமும் பத்து நிமிஷத்தில் நிரம்பிவிட்டது. பலவீனத்தில் மட்டும் விரல் நின்றது.

உண்மையை எழுதாவிட்டால் பிறகு எதற்கு இந்தக் கட்டம்? எழுதினேன்.

“தேவசகாயம் மாமா. பைண்டிங் முழுக்க அவர் கையில். சொன்ன தேதிக்கு ஒன்றும் முடிவதில்லை. மதியமானால் சைக்கிளில் கழிவுத்தாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு நாலரைக்கு வருகிறார். வாயைத் திறப்பதில்லை. சீசன் முடிந்ததும் வேறு ஆள் பார்க்க வேண்டும்.”

அக்கா புருஷன் என்று இத்தனை நாள் மென்று விழுங்கியது அத்தனையும் வந்துவிட்டது. மனசு லேசானது. பிரிண்ட் கொடுத்தேன், கரண்ட் போய்விட்டது. அதற்குள் யாரோ வந்தார்கள், அதோடு மறந்தேன்.

5 ஏப்ரல், பெரிய வியாழன்

ராஜ்கமலின் ஐந்து புத்தகத்தையும் மாமா மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாகவும் பார்ப்பதில்லைதான்.

6 ஏப்ரல், புனித வெள்ளி

கடை விடுமுறை. கோயிலில் என் அக்கா ராஜாமணி எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

8 ஏப்ரல், ஈஸ்டர்

ஈஸ்டர் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் என் வீட்டில்தான் பிரியாணி. இரண்டு மணி வரை வரவில்லை. போன் போட்டேன்.

“என்னாடி எழுதி வெச்சிருக்க?” என்றாள் அக்கா. “அவுருக்கு இங்கிலீஷுதான் படிக்கத் தெரியாது. தமிழு தெரியும்டி.”

வைத்துவிட்டாள். கரண்ட் திரும்பியதும் அந்தத் தாள் ராஜ்கமலின் தாள்களோடு வந்து விழுந்திருக்கிறது. மாமா ஒரு வரி இங்கிலீஷ் படிக்கமாட்டார். கீழே இருக்கும் பக்க எண்ணை வைத்தே அடுக்குவார். எண் இல்லாத தாள் ஒன்று வந்ததும் கை நின்றிருக்கும். படித்திருக்கிறார். படித்துவிட்டு, ஐந்து பிரதியையும் ஒரு சுருக்கமில்லாமல் கட்டி முடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்!

பிரியாணி அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர், “நீ எழுதுனது பொய்யா?” என்று கேட்டார். பொய் இல்லையே. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

9 ஏப்ரல், திங்கள்

மாமா வரவில்லை. பின்னறை பூட்டியிருக்கிறது. சனிக்கிழமையும் வரவில்லை, பண்டிகை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் இருபது ப்ராஜெக்ட் கட்டவேண்டும், நூறு புத்தகம். நான் போய்க் கெஞ்சுவதா? முடியாது. கடலூரில் பைண்டர்களுக்கா பஞ்சம்?

10 ஏப்ரல், செவ்வாய்

கடலூர் போய் வந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் உத்திராபதி என்று ஒருவர், பெரிய பைண்டர். “மே மாசம் பாப்பம்மா” என்றார். மன்றாடினேன். அவர் கேட்டார்: “இந்தக் கரண்டுல உங்காளு எங்க காய வெக்கிறாரு? ஃபேன் இல்லாம கடைக்குள்ளயே வெச்சா பசை காயாது, அட்டை வளைஞ்சிரும். நானே பாதிய திருப்பி வாங்கியிருக்கேன்.”

எனக்குத் தெரியவில்லை. என் கடைப் புத்தகம் ஒன்றுகூட வளைந்து திரும்பி வந்ததில்லை. ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது: கரண்ட் இல்லாமலும் என் கடையில் நடக்கிற ஒரே வேலை பைண்டிங்தான். அதைத்தான் பலவீனத்தில் போட்டிருக்கிறேன்.

11 ஏப்ரல், புதன்

மதியம் இரண்டு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. மாடிப் படியைக் கையால் காட்டினாள். “தூங்குறாராம்! போயிப் பாரு.”

மொட்டை மாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை. நாலு பக்கமும் காற்று. வரிசையாகப் பலகைகள், பேப்பர் சுற்றிய செங்கற்கள். அவர் சைக்கிளில் கட்டிப்போன மூட்டை, கழிவுத்தாள் இல்லை. என் கடையின் ஈரப் புத்தகங்கள். அரை மணிக்கு ஒரு தரம், ஈரம் உறிஞ்ச நடுவில் வைக்கும் தாளை மாற்றி மாற்றிக் காயவைத்து, நாலரைக்குத் திரும்பக் கொண்டுவருவாராம். கரண்ட் வெட்டு தொடங்கிய நாளிலிருந்து தினமும். இன்று பலகைகள் காலி.

மாமா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

“எம்பேரு இருக்குது. எதுத்த கடக்காரன் இருக்கான். கரண்டு இருக்குது. உம்பேர எங்கயும் காணமே, வாணி?”

“பலத்துல இருக்கே மாமா...” என்று உளறினேன். இந்த வாய் எனக்கு எப்போதுதான் அடங்கும்!

“தேதிய நீயே சொல்லிடற. அப்பறம் அத வெச்சி என்னைய லேட்டுங்கற. ‘எப்ப மாமா முடியும்’னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கியா?”

எட்டு வருஷத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு நாளும் இல்லை. “நாளைக்கு வேணும் மாமா” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. “தப்புதான் மாமா” என்றேன். பேனா வாங்கி, பலவீனத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு இசைவாணி என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

12 ஏப்ரல், வியாழன்

கடை திறக்கப் போனேன். பின்னறையில் பசை வாசனை.

“எத்தனை முடியும் மாமா?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டு, “பதினேழு. மூணு முடியாது. இப்பயே சொல்லிடு” என்றார்.

13 ஏப்ரல், வெள்ளி

மூன்று பிள்ளைகளிடமும் சொன்னேன். இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ரேகா என்ற பெண் கடை நடுவில் நின்று கத்தித் தீர்த்தாள். வாங்கிக்கொண்டேன்.

16 ஏப்ரல், திங்கள்

மதியம் மூன்று மணிக்குப் பதினேழாவதும் போயிற்று. அக்கா மீன்குழம்பு கொண்டுவந்தாள். என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் தூக்கில் மூன்று பேருக்குச் சோறு இருந்தது.

4 ஜூலை, புதன்

இன்று ஓர் எம்.ஃபில் பையன் வந்து நாளை சாயங்காலமே வேண்டும் என்றான். முன்பு என்றால் ‘வந்து வாங்கிக்குங்க தம்பி’ என்றிருப்பேன். இப்போது நான் திருந்திய ஆள் அல்லவா? “மூணு நாள் ஆகும், வேணுமான்னு யோசிச்சுக்குங்க” என்று நிமிர்ந்து சொன்னேன். அவன் தாள்களை அள்ளிக்கொண்டு எதிர்க்கடைப் பக்கம் நடந்தான். ஒரு வேலை கைவிட்டுப் போனாலும் பெருமையாகத்தான் இருந்தது.

பின்னறையிலிருந்து மாமா எட்டிப்பார்த்தார்.

“மெல்லிசு புக்குதான? நாளைக்கி மதியமே குடுத்திருப்பன். என்னைய கேட்டியா?”

செருப்புகூடப் போடாமல் ரோட்டில் ஓடினேன். எதிர்க்கடைப் படியில் கால் வைத்தவனைப் பிடித்து இழுத்து வந்தேன். மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை இன்றுதான் பார்க்கிறேன். அந்தத் தாளை அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாம் என்று இருந்தேன். வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் அவரிடமே இருக்கட்டும்.